பிள்ளை மனத்தையும் கேளுங்கள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

  

பரிசளிப்பு விழா என்றால் படிப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதைப் பேச இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். நான் இன்று தத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதிலும், ஓர் இனத்தில், ஒரு நாட்டில் பிறந்து, வேறோர் இனத்தார் வீட்டில், வேறொரு நாட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றி. "இதை ஏன் பள்ளிக்கூடத்தில் பேச வேண்டும்?" என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஐயா. அதனால்தான் பேசுகிறேன்.

பிள்ளையை எடுத்து வளர்ப்பது நமக்குப் புதிது அல்ல. நம் தோட்டங்களில் சேலை கட்டி, பொட்டு வைத்து, தைப்பூசத்துக்குப் பால்குடம் தூக்கும் சீன முகத்துப் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும், வறுமையாலும், பெண் பிள்ளை வேண்டாம் என்ற எண்ணத்தாலும், ஜாதகம் சரியில்லை என்ற நம்பிக்கையாலும் சீனக் குடும்பங்கள் சில தங்கள் பெண் குழந்தைகளைக் கொடுத்துவிட்டன. அவர்களை வாரி எடுத்து மார்போடு அணைத்தவர்கள் நம் பால்மரத் தொழிலாளர்கள். தங்களுக்கே அரிசி போதாத நாளில், மரவள்ளிக் கிழங்கில் அந்தக் குழந்தைக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். இது நம் மக்களின் பெருமை.

ஆனால் அன்பு மட்டும் இருந்தால் போதுமா? ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். இது கற்பனை அன்று. இந்த வட்டாரத்தையே உலுக்கிய உண்மைச் சம்பவம். பெரியவர்களில் சிலருக்கு நத்ரா என்ற பெயர் நினைவிருக்கலாம்.

1937-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜாவாத் தீவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் மரியா ஹெர்டோக். தந்தை டச்சுக்காரர், இராணுவத்தில் சார்ஜண்டு. 1942-இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தபோது அவர் கைதியாகிவிட்டார். தாயோ கையில் பல பிள்ளைகளை வைத்துக்கொண்டு தத்தளித்தார். அந்த நேரத்தில் மரியா, குடும்பத்துக்குத் தெரிந்த அமினா என்ற மலாய்ப் பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

"சில நாள் வைத்திருக்கத்தான் அனுப்பினேன்" என்பது பெற்ற தாய் பின்னாளில் சொன்னது. "எனக்கே கொடுத்துவிட்டார்கள்" என்பது வளர்த்த தாய் சொன்னது. இரண்டில் எது உண்மை என்று காட்ட, சட்டப்படி பதிந்த தத்துப் பத்திரம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு குறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமினா அந்தப் பிள்ளைக்கு நத்ரா என்று பெயரிட்டார். போர் முடிந்த பிறகு தம் சொந்த ஊரான திரங்கானு மாநிலத்துக் கெமாமானுக்கு அழைத்து வந்தார். பிள்ளை கம்பத்தில் வளர்ந்தாள். மலாய் பேசினாள், இஸ்லாமிய முறைப்படி வழிபட்டாள். அமினாவையே அம்மா என்று நினைத்தாள். ஹாலந்துக்குத் திரும்பிவிட்ட பெற்றோரோ மகளைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். 1949-இல் அவள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது.

இனி நடந்ததை, அந்தப் பிள்ளையின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 1950 ஏப்ரலில் அமினா அவளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறார். விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது. பிள்ளையை அமினாவிடமிருந்து பிரித்து, சமூக நல இலாகாவின் இல்லத்தில் வைக்கிறார்கள். மே மாதம், பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பு. ஜூலை 28-ஆம் தேதி மேல்முறையீட்டில் அமினாவுக்கு வெற்றி. ஆகஸ்டு 1-ஆம் தேதி, 13 வயது நத்ராவுக்கும் 22 வயது ஆசிரியப் பயிற்சியாளர் ஒருவருக்கும் திருமணம். டிசம்பர் 2-ஆம் தேதி, அந்தத் திருமணம் செல்லாது, பிள்ளை பெற்றோரிடம் போக வேண்டும் என்று மறுபடியும் தீர்ப்பு. அங்கிருந்து ஒரு கன்னியர் மடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளையின் தலைவிதி எத்தனை முறை மாறியது, எண்ணிப் பாருங்கள்!

தான் அமினாவிடமே இருக்க விரும்புவதாக அவள் சொன்னாள். ஆனால் அதற்குள் வழக்கு பெரியவர்களின் வழக்காகிவிட்டது. மதத்தின் வழக்காக, வெள்ளையர் ஆட்சிக்கும் மக்களுக்கும் இடையிலான வழக்காக மாறிவிட்டது. டிசம்பர் 11-ஆம் தேதி சிங்கப்பூரில் கலவரம் மூண்டது. 18 பேர் இறந்தார்கள், 173 பேர் காயமடைந்தார்கள். மறுநாள் அந்தச் சிறுமியை விமானத்தில் ஏற்றி ஹாலந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு டச்சு மொழி தெரியாது. அந்தக் குளிர் தெரியாது. அந்த ஊர்ச் சாப்பாடு தெரியாது. 2009 ஜூலையில், 72 வயதில் காலமானார்.

பெற்ற தாயை நான் குறை சொல்லவில்லை. அவர் வயிறு எரிந்தது நியாயம். வளர்த்த தாயையும் குறை சொல்லவில்லை. அவர் மார்பு பதைத்ததும் நியாயம். இரண்டு தாய்மாரும் அன்பு வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் பிள்ளை கிழிந்து போயிற்று. ஏன்? கொடுத்தபோது முறைப்படி பத்திரம் இல்லை. பிரித்தபோது பிள்ளையின் பேச்சு ஏறவில்லை. நான் இன்று சொல்ல வந்தது இந்த இரண்டும்தான்: பிள்ளையை எடுத்தால் சட்டப்படி எடுங்கள், பிள்ளையின் மனத்தையும் கேளுங்கள்.

பெற்றோர்களே, ஒன்றாம் ஆண்டுப் பதிவு மேசையில் நான் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை ஒரு தாய் வந்தார். பால்மரம் வெட்டுகிறவர். கூடவே சுருட்டை முடியும் துருதுரு கண்ணுமாய் ஒரு பெண் குழந்தை. பெற்றவள் இந்தோனேசியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண். பிறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டேன். அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

"சார், பெத்தாத்தான் புள்ளையா? பொறந்த மூணாம் நாளே என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. இத்தன வருஷம் வளத்தது நாந்தானே சார்!"

"நீங்க வளத்தது சத்தியம்மா. ஆனா ஆபீசுக்குக் கண்ணீரப் படிக்கத் தெரியாதும்மா. தாளத்தான் அது படிக்கும்" என்றேன்.

தாள் இல்லாத கொடுமையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத காரணத்தால் வேலை பெர்மிட் கிடைக்காமல், பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுக் கப்பல் ஏறிய குடும்பங்களை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துன்பத்தை நம் கையாலேயே இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தீபகற்ப மலேசியாவில் இதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. இரண்டும் 1952-ஆம் ஆண்டில் பிறந்தவை.

முதலாவது, தத்தெடுப்புச் சட்டம். இது முஸ்லிம் அல்லாதாருக்கு உரியது. செசன்ஸ் கோர்ட்டிலோ உயர்நீதிமன்றத்திலோ மனுச் செய்ய வேண்டும். பிள்ளை 21 வயதுக்குட்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதமாவது தொடர்ந்து உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். சமூக நல அதிகாரிக்கு மூன்று மாதம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெற்றவர்களின் சம்மதம் வேண்டும். காசு கைமாறியிருக்கக் கூடாது. இன்னொன்றையும் அந்தச் சட்டம் சொல்கிறது: பிள்ளையின் வயதையும் புத்தியையும் பார்த்து, அதன் விருப்பத்தையும் கோர்ட்டு கருத்தில் கொள்ள வேண்டும். உத்தரவு கிடைத்துவிட்டால், நீங்கள் பெற்ற பிள்ளைக்கு உள்ள உரிமை அதற்கும் உண்டு.

இரண்டாவது, தத்தெடுப்புப் பதிவுச் சட்டம். இது எல்லா இனத்தாருக்கும் பொது. இதைத் தேசியப் பதிவு இலாகாவில் செய்யலாம். பிள்ளை 18 வயதுக்குட்பட்டு, இரண்டு ஆண்டு தொடர்ந்து உங்களிடம் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் இந்த முறையில் சொத்துரிமை தானாக வராது. பிள்ளைக்கு ஏதேனும் கொடுக்க நினைத்தால் உயில் எழுதி வையுங்கள்.

வேறு சிலர் குறுக்கு வழி சொல்லித் தருவார்கள். "பெத்தவ பேர எதுக்குப் போடணும்? ஒங்க பேரப் போட்டே சூராட் பிராணா எடுத்துடலாம்" என்பார்கள். நம்பாதீர்கள்! பொய்யாகப் பதிவது குற்றம். நீங்கள் மாட்டினால் பிள்ளையும் சேர்ந்து மாட்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவில் போய்க் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இன்னும் ஒரு முக்கியமான விஷயம். தத்து எடுத்ததாலேயே பிள்ளை மலேசியக் குடிமகன் ஆகிவிடாது. பெற்ற தாய் மணமாகாத அயல்நாட்டவராக இருந்தால், பிள்ளை இங்கேயே பிறந்திருந்தாலும் அது தாயின் நாட்டைச் சேர்ந்ததாகவே எண்ணப்படும். அந்த நாட்டிலும் அதைப் பதியாமல் விட்டால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளையாகிவிடும். பெற்றோர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்ட ஒரு தத்துப் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தாய் யாரென்று தெரிந்த பிள்ளைகளுக்கு அந்த வழி எளிதல்ல. அவர்களுக்காக அரசியலமைப்பின் 15A விதியின்கீழ் அரசாங்கத்திடம் விண்ணப்பிக்கலாம். இதற்கு வயது வரம்பு 21 என்றிருந்தது. அதை 18-ஆகக் குறைக்கும் திருத்தத்தை 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆகவே காலம் கடத்தாதீர்கள். பிள்ளை சிறியதாக இருக்கும்போதே ஓடுங்கள்.

இப்போது மனத்தின் விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் 12 வயதில் பிள்ளைக்கு மைகாட் எடுக்க வேண்டும். பல வீடுகளில் ரகசியம் உடைவது அந்த நாளில்தான். ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் அப்பாவோடு சிரித்துக்கொண்டே கவுன்டருக்குப் போகிறான். தாளைப் புரட்டிய அதிகாரி, "இது தத்துப் பிள்ளையா?" என்று கேட்கிறார். அப்பா தலை குனிகிறார். பையன் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். அந்த இரவு அவனுக்குத் தூக்கம் வருமா? "நீ எங்க புள்ள இல்ல" என்று ஓர் அந்நிய மனிதர் சொன்னதாகவே அவன் நெஞ்சில் பதியும்.

அதை நீங்களே சொல்லுங்கள். விவரம் தெரியத் தொடங்கும் வயதிலேயே, மடியில் வைத்து, கதை சொல்வது போலச் சொல்லுங்கள். "ஒன்ன வேற ஒரு அம்மா பெத்தாங்க. வளக்குற பாக்கியம் எங்களுக்குக் கெடச்சிச்சு" என்று சொல்லுங்கள். பெற்றவளைத் திட்டாதீர்கள். அவள் ரத்தம்தான் அந்தப் பிள்ளையின் உடம்பில் ஓடுகிறது. வளர்ந்த பிறகு அவளைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை கேட்டால், "நன்றி கெட்டவனே" என்று கூவாதீர்கள். அது நன்றிகேடு அன்று. தான் யார் என்று தெரிந்துகொள்ளும் பசி.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாரதக் கதையில் கர்ணன் வில்வித்தை காட்ட அரங்கத்துக்கு வந்தான். "உன் குலம் என்ன?" என்று கேட்டார்கள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அவனை வளர்த்த தேரோட்டி அதிரதன் கூட்டத்துக்குள் வந்தபோது, கர்ணன் வெட்கப்படாமல் அவர் காலில் விழுந்து வணங்கினான். அதைப் பார்த்துப் பீமன் கேலி செய்தான். அந்தக் கேலிதான் பின்னால் பெரிய பகையாக வளர்ந்தது. உங்கள் வகுப்பில் நிறம் மாறிய பிள்ளையோ முகம் மாறிய பிள்ளையோ இருந்தால், "நீ எடுத்து வளத்த புள்ளதானே?" என்று கேட்காதீர்கள். வகுப்பறையில் பீமனாக இருக்க வேண்டாம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் தத்துப் பிள்ளை யாராவது இருந்தால், உனக்கும் சொல்கிறேன் கண்ணு. நீ யாருக்கும் கடன்பட்டவன் இல்லை. மனத்தில் கேள்வி இருந்தால் அம்மாவிடமும் அப்பாவிடமும் கேள். கேட்கப் பயமாக இருந்தால் உன் ஆசிரியரிடம் வந்து சொல். இந்தப் பள்ளியின் பதிவேட்டில் உன் பெயரும் இருக்கிறது. இன்று பரிசு வாங்கினால் உனக்கும் இந்த மண்டபம் கை தட்டும்.

பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து, பிள்ளைகளின் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். ஏதேனும் குறை இருந்தால் இந்த மாதத்துக்குள்ளேயே பதிவு இலாகாவுக்குப் போங்கள். மலாயில் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நம் பள்ளி ஆசிரியர்களிடம் கேளுங்கள். உதவி செய்வார்கள் என்று நம்புகிறேன்.

பரிசு பெற்ற மாணவர்களுக்கு என் வாழ்த்து. அடுத்த ஆண்டு பரிசு பெறப் போகும் மாணவர்களுக்கும் என் வாழ்த்து.