தலைவனும் சொல்லும்



திருக்குறளில் 'சொல்வன்மை' என்னும் அதிகாரம் அரசியலில் இல்லை, அமைச்சியலில் இருக்கிறது. நாவன்மையை வள்ளுவர் அமைச்சர்க்கே உரிய தகுதியாக வைத்தார். அரசனிடம் அவர் வேண்டியவை வேறு. எளிதில் காணத்தக்கவனாக இருத்தல், கடிந்து பேசாமை, காதுக்குக் கசப்பான சொல்லையும் பொறுத்துக் கேட்டல் ஆகியவற்றை 'இறைமாட்சி'யில் கூறுகிறார். மக்களாட்சியில் இந்தப் பிரிவினை இல்லை. வாக்குக் கேட்டு மேடையேறும் தலைவன், தனக்குத் தானே அமைச்சனாகவும் நின்று பேச வேண்டியுள்ளது.

பள்ளிக் கல்வியை இடையில் விட்ட காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கினார். அவர் பேச்சில் அணி இல்லை, வாக்கியங்கள் குறுகியவை, ஊர்ப்பேச்சு அப்படியே ஒலிக்கும். பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைக்கு முதலில் சோறு வேண்டும் என்பதை விளக்க அவருக்கு அலங்காரம் தேவைப்படவில்லை. கோரிக்கையோடு வந்தவர்களிடம் அவர் கூறிய 'பார்க்கலாம்' என்னும் சொல் நாடறிந்தது. மழுப்பல் போல ஒலித்தாலும், ஆராயாமல் வாக்குக் கொடுக்க விரும்பாதவரின் சொல் அது. அந்த எளிய தமிழே தில்லியில் எல்லையாயிற்று. 1964இலும் 1966இலும் பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்றவர், தம் பெயர் பேசப்பட்டபோது விலகிக்கொண்டார். இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேச வராமையை அவரே தடையாகக் கருதினார் என்பர்.

அண்ணா மறுமுனை. எதுகையும் மோனையும் அவருடைய உரைநடையில் குடியிருந்தன. ஆங்கில மேடையும் அவருக்கு அந்நியமன்று. 1962இல் மாநிலங்களவையில் அவர் பேசிய ஆங்கிலம் அவையோரின் கவனத்தை ஈர்த்தது. எனினும் அவருடைய பெரும் படைப்பு 'தம்பி' என்ற விளிதான். அந்த ஒரு சொல்லால் கட்சியைக் குடும்பமாக்கினார். கடிதம் எழுதியவர் அண்ணன் ஆனார். படித்தவன் தொண்டனாக மட்டும் இருக்கவில்லை, உடன்பிறப்பானான்.

1967 தேர்தல் வந்தது. மொழிப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் களத்தை முன்பே உழுது வைத்திருந்தன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் அதில் விதையாக விழுந்தது. யாப்பறிந்தவர் அதன் அமைப்பை உற்று நோக்க வேண்டும். லட்சியம், நிச்சயம் என்ற ஈற்று இயைபே இரு வாக்குறுதிகளையும் ஒன்றாகக் கட்டுகிறது. பொருளால் பார்த்தால் லட்சியம் ஒருவனைக் கட்டாது, நிச்சயமோ கட்டிவிடும். எச்சரிக்கையோடு வகுக்கப்பட்ட சொற்றொடர்தான் அது. ஆயினும் செவியில் எஞ்சியது அந்த வேறுபாடன்று, ஓசை. பசித்தவன் மூன்று படியையும் சேர்த்தே கேட்டான்.

ஆட்சிக்கு வந்தபின் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பெற்றது. மாநிலம் முழுவதற்கும் விரிக்க அரசின் நிதி இடம் தரவில்லை. மேடையில் ஒரு மூச்சில் முடிந்த தொடர், கருவூலக் கணக்கில் முடிவதாக இல்லை. நிச்சயம் என்று சொல்லியபின் 'பார்க்கலாம்' என்று சொல்ல இயலாது. 'பார்க்கலாம்' என்று சொல்லிவந்தவரோ, அதே தேர்தலில் தம் சொந்த ஊராகிய விருதுநகரிலேயே தோற்றிருந்தார்.