உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள்

(வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய வானொலி உரை)



மாட்டுக்கு வயிறு உப்பிக்கொண்டால், கால்நடை மருத்துவர் இடது பக்கம் குத்தி வாயுவை வெளியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நினைப்பில்தான் போன மாதம் ஒரு விவசாயி கையில் கோணி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே, உப்பிப்போன செல்போன் பேட்டரி! "காத்தை எடுத்துவிட்டா பழையபடி ஆயிடும் சார்" என்றார். நல்ல வேளையாக, குத்துவதற்குள் தடுத்துவிட்டேன். திண்ணையில் அவர் பேரக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் வைக்கோல் போர்.

ஏன் தடுத்தேன்? லித்தியம் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகளும், அவை ஒன்றையொன்று தொடாதபடி நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளும், எளிதில் தீப்பற்றும் திரவமும் இருக்கின்றன. அதிகச் சூடு, அளவுக்கு மீறிய சார்ஜ், அடிபடுதல், நாள்படுதல் ஆகியவற்றால் அந்தத் திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது. அதுதான் உப்பல். ஊசி குத்தினால் தாள் கிழிந்து, தகடுகள் தொட்டு, உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். அந்தப் புகையும் விஷம்.

"டிராக்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சரிபண்ணுகிறோமே?" என்று கேட்பீர்கள். அது ஈய பேட்டரிங்க. லித்தியத்தில் அந்த வேலை நடக்காது. உப்பிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

பேட்டரி ஸ்பிரேயர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஈய பேட்டரிக்கான சார்ஜர் 14 வோல்ட் அளவுக்குக் கொடுக்கும். மூன்று செல் அடுக்கிய லித்தியம் பேட்டரியோ 12.6 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும். பின் பொருந்துகிறதே என்று சார்ஜரை மாற்றிப் போடாதீர்கள். இந்த பேட்டரி கெட்டியான பெட்டிக்குள் இருப்பதால் உப்பல் வெளியே தெரியாமல் போகலாம். சூடு, வாடை, விரிசல், கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, உப்பிவிட்டது. என்ன செய்வது?

சார்ஜில் இருந்தால் முதலில் சுவிட்சை அணையுங்கள். மறுபடி சார்ஜ் போடாதீர்கள். அழுத்துவதோ, ரப்பர் பேண்டு போட்டு இறுக்குவதோ, போனிலிருந்து நெம்பி எடுப்பதோ கூடாது. சூடும் புகையும் இல்லையென்றால், உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியில் போனோடு மெதுவாக வையுங்கள். இறுக மூடாமல், வீடு, வைக்கோல், டீசல் கேன் இவற்றுக்குத் தள்ளி, குழந்தைகள் கைக்கு எட்டாத நிழலான இடத்தில் வையுங்கள்.

பிறகு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். கழிவு பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. எருக்குழியிலோ குப்பையிலோ வீசாதீர்கள். அடுப்பில் போடவே கூடாது.

புகையோ சீறலோ வந்தால் கிட்டே போகாதீர்கள். ஆட்களை வெளியேற்றி, 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். முடிந்தால் மாடுகளையும் அவிழ்த்துவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகு, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். அணைந்த பேட்டரி மறுபடியும் பற்றலாம் என்பதால் உடனே தொட வேண்டாம்.

அந்த விவசாயி இப்போது புது பேட்டரி போட்டிருக்கிறார். கோணி ஊசி மூட்டை தைக்கப் போய்விட்டது. இன்றைக்கே உங்கள் வீட்டுப் பழைய போனையும் ஸ்பிரேயரையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.