நோயின் பெயர் தெரியும்வரை

(நமது மேற்கு மண்டல உறுப்பினர்களின் ஆண்டுக் கூட்டத்தில், சூரத்தில் முப்பது ஆண்டுகள் மருத்துவ ஆய்வகப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் "உயிரியல் அபாயங்களும் விரைவுப் பரிசோதனைகளும்" என்று என் பேச்சுக்குத் தலைப்புப் போட்டிருந்தார்கள். செயலாளர் என்னைத் தனியாக அழைத்து, "சார், யாரும் பயப்படாதபடி பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். நான் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் நானே பயந்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தலைப்பைப் பேச எனக்குத் தெரியாது.

1994 செப்டம்பர் மாதம். சூரத்தில் ஒரு சிறிய தனியார் ஆய்வகத்தில் வேலை பார்த்து வந்தேன். தாபி நதியின் வெள்ளம் வடிந்து, தெருவெல்லாம் சேறும் குப்பையுமாகக் கிடந்த சமயம். ஒரு நாள் மாலை, விசைத்தறியில் வேலை செய்யும் ஒரு வாலிபனின் சளி மாதிரி வந்தது. ரத்தம் கலந்த சளி. சாயம் ஏற்றி நுண்நோக்கியில் பார்த்தேன். இரண்டு முனையிலும் அழுத்தமாகச் சாயம் ஏறிய குச்சி வடிவக் கிருமிகள். படிக்கும் காலத்தில் "ஊக்கு மாதிரி இருந்தால் ப்ளேக் என்று சந்தேகப்படு" என்று வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அதே மாதிரி தெரியக்கூடிய வேறு கிருமிகளும் உண்டு. கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் நிச்சயம். அதற்குக் குறைந்தது இரண்டு நாள் வேண்டும். அந்த வாலிபனோ வரும்போதே யாரோ கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தான். தட்டில் ஒன்றும் வளரவில்லை. தட்டைப் பார்க்கும் முன்பே அவன் இறந்துவிட்டான்.

இரவு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே என் மனைவி நின்றிருந்தாள். "சொல்லுங்கோ, இது அதுதானா, இல்லையா? குழந்தைகளை அழைச்சுண்டு கிளம்பட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். என் சின்னப் பையனுக்கு அன்று காலையிலிருந்து லேசான ஜுரம். ஊரில் எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். லேபில் இருப்பவன் அல்லவா! எனக்கோ பதில் தெரியவில்லை.

மறுநாள் அவர்களை ரயில் ஏற்றினேன். முகத்தில் கைக்குட்டை கட்டிய ஜனங்கள் பெட்டியின் கூரை வரை நிறைந்திருந்தார்கள். பம்பாயில் மாதுங்காவில் என் அக்கா வீடு. அந்தக் கட்டடத்துக்காரர்கள், சூரத்திலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் மாடி ஏற விடவில்லை. ஜுரக் குழந்தையோடு என் மனைவி மூன்று மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அத்திம்பேர் எல்லோரிடமும் மன்றாடி உள்ளே அழைத்துப் போனார். பையனுக்கு வந்தது சாதாரண ஜுரம்தான். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அது வேறொன்றாக இருந்திருந்தால், நானே என் கையால் அந்தக் கட்டடம் முழுவதற்கும் நோயை அனுப்பியிருப்பேன். கதவைச் சாத்தினவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அவர்களுக்கும் பதில் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த வாரம் சூரத்தை விட்டு லட்சக்கணக்கானவர்கள் ஓடினார்கள். டெட்ராசைக்ளின் மாத்திரை மருந்துக் கடைகளில் காணாமல் போயிற்று. சில நாடுகள் இந்திய விமானங்களையே நிறுத்தின. எல்லாம் அடங்கியபின் நாடு முழுவதும் கணக்கில் வந்த மரணங்கள் ஐம்பதுக்குச் சற்று மேல். அது ப்ளேக்தானா என்று நிபுணர்களுக்குள் விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் மரபணு முறையில் ஆராய்ந்து, அது ப்ளேக் கிருமியே என்று கட்டுரை வெளியிட்டது 2000-ம் ஆண்டில். கேள்வி கேட்டு ஆறு வருஷம் கழித்து விடை!

இடைவெளிதான் அபாயம்

அன்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். நோயாளி விழுந்த நாளுக்கும், நோயின் பெயர் தெரிந்த நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே, கிருமி பரவுவதும் வதந்தி பரவுவதும் அந்த இடைவெளியில்தான். விரைவுப் பரிசோதனை என்பது அந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சி.

இதற்கு நம் நாட்டிலேயே இன்னோர் உதாரணம். 2001 ஜனவரி, பிப்ரவரியில் மேற்கு வங்காளத்தின் சிலிகுரியில் மூளைக்காய்ச்சல் போல ஒரு நோய் வந்தது. 66 பேரைத் தாக்கி, 45 பேரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்களும் நோயாளியைப் பார்க்கப் போனவர்களும். அது நிபா வைரஸ் என்று ஆய்வறிக்கை வெளியானது 2006-ல்.

அதே நிபா 2018 மே மாதம் கோழிக்கோட்டில் வந்தது. முதல் நோயாளி மே 5-ம் தேதி இறந்தார். அவரிடமிருந்து மாதிரி எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை. அதே குடும்பத்தில் இன்னொருவர் விழுந்தபோது அங்கிருந்த மருத்துவர்கள் சந்தேகப்பட்டு, மாதிரியை மணிபாலில் உள்ள வைரஸ் ஆய்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மே 18 அன்று நிபா என்று கண்டார்கள். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் 20-ம் தேதி உறுதி செய்தது. பெயர் தெரிந்ததும் அரசு முழு வேகத்தில் இறங்கிற்று, நோய் அடங்கிற்று. ஆய்வகத்தில் உறுதியான 18 பேரில் 16 பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு நோய் தொற்றியது பெயர் தெரியும் முன்பு. முதல் நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினியும் அவர்களில் ஒருவர்.

சிலிகுரியில் ஐந்து வருஷம், கோழிக்கோட்டில் பதின்மூன்று நாள். நாம் முன்னேறியிருக்கிறோம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் லினிக்கு அந்தப் பதின்மூன்று நாளும் அதிகம்.

வேண்டுமென்றே பரப்பினால்?

"உயிரியல் அபாயம்" என்றால் எதிரி கிருமியை ஏவுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் நடந்திருக்கிறது. 2001 செப்டம்பர், அக்டோபரில் அமெரிக்காவில் தபால் உறைகளில் ஆந்த்ராக்ஸ் பொடி அனுப்பப்பட்டது. 22 பேருக்கு நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள். ஃப்ளோரிடாவில் முதல் நோயாளியைப் பார்த்த டாக்டர் லாரி புஷ், முதுகுத் தண்டு நீரை நுண்நோக்கியில் பார்த்தே ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகித்தார். பயிற்சி பெற்ற மாநில ஆய்வகம் இரண்டே நாளில் உறுதி செய்தது. அப்படி இருந்தும் வாஷிங்டனில் தபால் ஊழியர் ஒருவர் மருத்துவமனைக்குப் போய், வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாளே இறந்தார். யார் கிருமியைச் சுவாசித்தார், யார் சுவாசிக்கவில்லை என்று அறிய வழியில்லாததால், சுமார் 10,000 பேருக்கு 60 நாள் மருந்து சாப்பிடும்படி சொல்ல வேண்டியிருந்தது. அதை முழுக்கச் சாப்பிட்டவர்கள் பாதிக்கும் குறைவு.

கிருமி எலியிலிருந்து வந்ததா, வௌவாலிலிருந்து வந்ததா, உறையிலிருந்து வந்ததா என்பது முதல் நாளில் மருத்துவருக்குத் தெரியாது. எல்லாம் ஜுரம், தலைவலி, இருமல்தான். ஆகவே எதிரிக்கு எதிரான பாதுகாப்பும் இயற்கைக்கு எதிரான பாதுகாப்பும் தொடங்கும் இடம் ஒன்றே. அது நோயாளியின் பக்கத்திலேயே செய்யக்கூடிய பரிசோதனை.

பட்டையும் பெட்டியும்

இந்தப் பரிசோதனைகள் எப்படி வேலை செய்கின்றன? கொரோனா காலத்தில் நாமெல்லோரும் மூக்கில் குச்சி விட்டு, பட்டையில் ஒரு கோடா, இரண்டு கோடா என்று பார்த்தவர்கள்தான். கர்ப்பம் பார்க்கும் பட்டையும் அதே தத்துவம். பட்டையில் ஒரு சொட்டு திரவத்தை விட்டால், வற்றல் போடும் துணியில் தண்ணீர் ஏறுவது போல அது ஊறிக்கொண்டே போகும். வழியில் மிக நுண்ணிய தங்கத் துகள்கள் ஒட்டிய எதிர்ப்புரதங்கள் காத்திருக்கும். கிருமியின் புரதம் இருந்தால் அவை அதைப் பற்றிக்கொண்டு போய் ஒரு கோட்டில் தங்கும். கோடு நிறம் காட்டும். இரண்டாவது கோடு, பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்குச் சாட்சி.

ப்ளேக் நோய்க்கே இப்படி ஒரு பட்டையை மடகாஸ்கர் நாட்டில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தார் உருவாக்கினார்கள். எஃப்1 என்ற புரதத்தைப் பதினைந்தே நிமிடத்தில் காட்டும். அந்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. படித்த அன்று நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடம்! வாசலில் நின்ற என் மனைவிக்கு நான் பதில் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது வகை, மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறை. கிருமியின் மரபணுவில் ஒரு துண்டைப் பிடித்து லட்சம், கோடி என்று நகல் எடுத்துக் கண்டுபிடிப்பது. இதற்கு முன்பெல்லாம் குளிர்சாதன அறையும் பெரிய கருவிகளும் தேவைப்பட்டன. நம் நாட்டிலேயே, கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட் கருவி இதை பேட்டரியில் ஓடும் சிறு பெட்டிக்குள் அடக்கிவிட்டது. காசநோய்க்காக இதை 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் மறுபடி நிபா வந்தபோது, இந்தக் கருவியிலேயே கேரளத்தில் பரிசோதிக்க ஐ.சி.எம்.ஆர். அனுமதி தந்தது. நடமாடும் உயர் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்றும் அங்கே போயிற்று. அந்தத் தடவை நோய் கண்டவர்கள் ஆறு பேர், இறந்தவர்கள் இரண்டு பேர்.

மூன்றாவது, கிரிஸ்பர் முறை. தில்லி ஐ.ஜி.ஐ.பி.யில் தேப்ஜ்யோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைதி ஆகியோர் உருவாக்கிய கொரோனா பரிசோதனைக்கு 2020-ல் அனுமதி கிடைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஃபெலூடா. சத்யஜித் ரே படைத்த துப்பறிவாளரின் பெயர்!

கருவி போதுமா?

பாராட்டியதோடு நிறுத்திக்கொண்டால் நான் உண்மை பேசியவன் ஆகமாட்டேன். ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம்மில் கணக்குப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

நோயாளிகள் நூறில் தொண்ணூறு பேரைச் சரியாகப் பிடிக்கும் பரிசோதனை ஒன்று. ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் தவறாக நோயாளி என்று சொல்லும். நல்ல பரிசோதனைதான். ஒரு ரயில் நிலையத்தில் 10,000 பேரைச் சோதிக்கிறோம், அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர்கள் பத்துப் பேர் என்று வையுங்கள். ஒன்பது பேரைப் பிடிப்போம். கூடவே நோயில்லாத சுமார் நூறு பேரையும் பிடிப்போம். நோய் என்று கோடு காட்டிய பன்னிரண்டு பேரில் பதினொருவர் நிரபராதிகள்! தப்பிப் போன அந்த ஒரு நோயாளி, "எனக்கு இல்லை" என்று நிம்மதியாக ரயிலேறுவார். அதே பரிசோதனையை, நூறு பேரில் முப்பது பேருக்கு நோய் இருக்கக்கூடிய மருத்துவமனை வார்டில் செய்தால், கோடு காட்டியவர்கள் அநேகமாக எல்லோருமே உண்மையான நோயாளிகள்.

ஆகவே பட்டை முதல் வார்த்தையைச் சொல்லலாம். கடைசி வார்த்தை பெரிய ஆய்வகத்துடையது. இரண்டுக்கும் முன்னால் வரவேண்டியது, சந்தேகப்படத் தெரிந்த ஒரு மருத்துவர். ஃப்ளோரிடாவிலும் சரி, கோழிக்கோட்டிலும் சரி, கருவி பேசுவதற்கு முன்பு ஒரு மனிதர் "இது வழக்கமான ஜுரம் இல்லையே" என்று யோசித்தார். அந்த யோசனை இல்லாவிட்டால் பட்டை அலமாரியிலேயே இருக்கும்.

பல ஊர்களில் வாழும் நம் அங்கத்தினர்களுக்கு நான் வேண்டிக்கொள்வது மூன்று. ஒன்று, ஜுரம் என்று மருத்துவரிடம் போனால், எங்கே பயணம் போனீர்கள், யாரைப் பார்க்கப் போனீர்கள், என்ன மிருகத்தோடு பழகினீர்கள் என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். இரண்டு, மீதியிருக்கும் பழைய ஆன்ட்டிபயாடிக் மாத்திரையை நீங்களாகச் சாப்பிடாதீர்கள். முதலில் மாதிரி, பிறகு மருந்து. இதில் மருத்துவர் "உடனே மருந்து" என்றால் அவர் சொல்வதே சரி. மூன்று, பெயர் தெரியாத நோய்க்கு நாமே பெயர் வைத்து, கைபேசியில் நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். இங்கே இருக்கும் இளைஞர்களில் ஓரிருவர் கம்ப்யூட்டரை விட்டு இந்தத் துறைக்கு வந்தால் எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம். எலெக்ட்ரானிக்ஸ், வேதியியல், உயிரியல், கணக்கு எல்லாவற்றுக்கும் இதில் இடம் உண்டு.

அந்த நெசவுத் தொழிலாளி வாலிபன் ப்ளேக்கில்தான் இறந்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது. இனி தெரியப் போவதும் இல்லை. அவனுடைய தாயார் என்னிடம் வந்து, "என் பிள்ளைக்கு என்ன வியாதி?" என்று கேட்டாள். "பரிசோதனை நடக்கிறது அம்மா" என்றேன். அதைத் தவிர அன்று என்னிடம் வேறு பதில் இல்லை. இன்று அந்தக் கேள்வி வரும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு லேப் ஊழியருக்கு, பதில் சொல்ல ஒரு பட்டையோ ஒரு பெட்டியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.