நடுவரில்லாத கண்காட்சி



ஓவியக் கண்காட்சிக்குச் செல்பவர் சுவரிலே தொங்கும் படங்களைக் காண்கின்றார். அப்படங்கள் அச்சுவரை வந்தடைந்த வரலாற்றை அவர் காண்பதில்லை. ஓவியர் ஒருவர் தனித்து நடத்தும் காட்சியாயின் அவ்வரலாறு பெரும்பாலும் அவருடைய தூரிகையோடு முடிந்துவிடும். பலர் கூடி நடத்துவதாயின் படம் தீட்டுவதோடு வேறொரு பணியும் அவரை எதிர்நோக்கும். யார் யாரைச் சேர்ப்பது, எவர் படத்தை எங்கே மாட்டுவது, செலவை எவ்வாறு பகிர்வது என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை காணல் வேண்டும். 1874ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் நடைபெற்ற கண்காட்சியொன்றுக்காக இவ்விரு பணிகளையும் ஒருங்கே சுமந்தவர் கமீல் பிசாரோ என்னும் ஓவியர். அவர் அதற்கு ஆயத்தஞ் செய்த மாதங்களைப் பற்றியதே இப்பேச்சு.

அக்காலப் பிரான்சிலே ஓவியர் பெயர் பெறுவதற்குப் பெருவாயில் ஒன்றே இருந்தது. சலோன் எனப்பட்ட, அரசாங்கத்தின் ஆதரவு பெற்ற கண்காட்சியே அது. எப்படத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை நடுவர் குழுவொன்று தீர்மானித்தது. தள்ளப்பட்ட ஓவியரை நாடி வாங்குவோர் வருதல் அரிது. ஏற்கப்பட்ட படமுங்கூடக் கூரையை அண்டிய உயரத்தில் மாட்டப்பட்டால் எவர் கண்ணிலும் படாது போகும்.

மேற்கிந்தியத் தீவுகளுள் டென்மார்க்கு நாட்டின் ஆட்சியிலிருந்த செயின்ற் தோமஸ் தீவில் 1830இற் பிறந்தவர் பிசாரோ. சலோன் அவரை முற்றாக ஒதுக்கிவிடவில்லை; பல முறை அவருடைய படங்களை அது ஏற்றிருந்தது. ஆயினும் 1870இல் மூண்ட பிரெஞ்சு - பிரஷ்யப் போர் அவர் வாழ்வைக் குலைத்துவிட்டது. குடும்பத்துடன் இலண்டனுக்குச் சென்று, பின்னர் ஊர் திரும்பியபோது, பிரஷ்யப் படையினர் தங்கியிருந்த தம் வீட்டிலே, பல்லாண்டு உழைத்துத் தீட்டிய படங்களிற் பெரும்பாலானவை அழிந்துபோயிருக்கக் கண்டார். 1872இற் பாரிசுக்கு வடமேற்கிலுள்ள பொந்துவாஸ் என்னும் சிற்றூரிற் குடியேறி, மீண்டும் தொடக்கத்திலிருந்து தீட்டலானார்.

நண்பர் மொனே முதலானோர், நடுவர் எவருமின்றித் தாமே ஒரு கண்காட்சி நடத்துவோம் என்று கூறியபோது பிசாரோ முழு மனத்துடன் இசைந்தார். சங்கத்துக்கு விதிகள் வேண்டுமல்லவா? அதற்கு அவர் நாடியது கலைஞர் கழகமெதனையுமன்று. பொந்துவாஸ் ஊரிலே பாண் சுடுவோர் அமைத்திருந்த சங்கத்தின் விதிகளையே மாதிரியாகக் கொண்டு வந்து நண்பர்முன் வைத்தார். அவற்றிலே கட்டுப்பாடுகள் மிகுதி என்று ரெனுவார் மறுத்தமையால் விதிகள் சுருக்கப்பட்டன. எனினும் அடிப்படை மாறவில்லை. ஆண்டொன்றுக்கு 60 பிராங்கு செலுத்தும் எவரும் உறுப்பினராகலாம்; உறுப்பினர் யாவர்க்கும் உரிமை ஒன்றே. 1873ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் அக்கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பெற்றது.

படங்களை மாட்டும் முறையிலே ஓவியருக்குள் மனத்தாங்கல் எழுவது இயல்பு. அதனைத் தவிர்க்கப் படங்களை அளவுக்கேற்ப வகுத்தபின், இடத்தைத் திருவுளச்சீட்டு மூலம் தீர்மானிப்பதென முடிவாயிற்று. செசான் என்னும் ஓவியரைச் சேர்த்தால் மக்கள் நகைப்பர் என்று சிலர் அஞ்சியபோது, அவரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று வாதாடியவரும் பிசாரோவே. நகைப்புக்கு அஞ்சி ஒருவரை விலக்குவதாயின், சலோனின் நடுவரை விட்டு விலகியதனாற் பயன் என்ன?

இவ்வேளையில் அவர்முன் வேறொரு பாதையும் திறந்தது. 1874 ஜனவரியிற் பாரிசில் நடந்த ஏலமொன்றிலே அவருடைய நிலக்காட்சி ஓவியம் ஒன்று 950 பிராங்குக்கு விலைபோயிற்று. அவருடைய நண்பரும் கலைத் திறனாய்வாளருமான தியோடர் டூரே, பெயர் பரவத் தொடங்கியுள்ள இத்தருணத்திற் சிறு கூட்டத்தோடு ஒதுங்கி நில்லாது, ஆயிரக்கணக்கானோர் காணும் சலோனுக்கே படம் அனுப்புமாறு கடித மூலம் அறிவுறுத்தினார். அவ்வறிவுரை பொருந்தாததன்று. வறுமையை நன்கறிந்த குடும்பத் தலைவர் ஒருவருக்கு அது தக்க வழியாகவும் தோன்றியிருக்கலாம். ஆயினும் பிசாரோ நண்பரை விட்டு அகலவில்லை.

காட்சிக்கென அவர் தெரிந்தெடுத்தவை 5 நிலக்காட்சிகள். அவற்றுள் ஒன்று 1873இல் தீட்டிய 'உறைபனி'. நுவரெலியாவிலே சில விடியற்காலங்களிற் புல்லின்மேல் வெண்பொடி தூவினாற் போலக் காண்பது எதுவோ, அதுவே அப்படத்தில் உழுத வயலெங்கும் படர்ந்துள்ளது. விறகுக்கட்டைச் சுமந்த முதியவர் ஒருவர் வழியிலே நடந்து வருகின்றார். படத்தின் எல்லைக்கு அப்பால் நிற்கும் மரங்களின் நிழல்கள் மட்டும் உழவுசால்களுக்குக் குறுக்கே நீண்டு கிடக்கின்றன. மரங்களைக் காட்டாது நிழலை மாத்திரம் காட்டுதல் அன்றைய கண்களுக்குப் பழக்கமில்லாத புதுமை.

கண்காட்சி தொடங்க 9 நாட்களே இருந்தன. ஏப்பிரல் 6ஆம் நாள், பிசாரோவின் மகள் ஜான் இறந்தாள். மினெத் என்று செல்லமாக அழைக்கப்பட்ட அச்சிறுமிக்கு அப்போது 9 வயதும் நிறைந்திருக்கவில்லை. முந்திய ஆண்டுகளில் அவளைத் தந்தை தம் ஓவியங்களிலே பதித்திருந்தார். அவற்றுளொன்றிற் கையில் விசிறியுடன் அவள் அமர்ந்திருக்கின்றாள். தாய் ஜூலியோ அவ்வேளை மற்றொரு குழந்தையைக் கருவிற் சுமந்திருந்தாள். சங்கம் குறித்த நாளும் மாறவில்லை. அவருடைய 5 படங்களும் தம் இடத்திலிருந்து நீங்கவில்லை.

1874 ஏப்பிரல் 15ஆம் நாள், நதார் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் முன்னர் பயன்படுத்திய மாடியறைகளிலே காட்சி தொடங்கிற்று. சலோன் திறக்குமுன்னரே தொடங்கியமையால், அங்கே தள்ளப்பட்டோரின் கூட்டம் இது என்று எவருங் கூற இடமிருக்கவில்லை. ஏறத்தாழ 30 கலைஞர் பங்குகொண்டனர். பட்டியலிலே 165 படைப்புகள் இடம்பெற்றன. நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்கு. பகலில் வர இயலாத உழைப்பாளரும் காணும்பொருட்டு இரவு 8 மணி முதல் 10 மணி வரையும் கதவுகள் திறந்திருந்தன. ஒரு மாத காலத்தில் வந்தோர் தொகை ஏறக்குறைய 3500. சலோனுக்குச் செல்வோரோ இலட்சக் கணக்கினர்.

அம்மாதம் 25ஆம் நாள் லூயி லெருவா என்னும் எழுத்தாளர் ஒரு நகைச்சுவைப் பத்திரிகையில் இக்காட்சியை எள்ளி நகையாடினார். பிசாரோவின் உறைபனி அவருக்கு வயலாகவே தோன்றவில்லை. அழுக்குத் துணியில் அப்பிய வண்ணச் சுரண்டலாகவே தோன்றிற்று. மொனேயின் படமொன்றின் பெயரைப் பற்றிக்கொண்டு 'மனப்பதிவுக்காரர்' என்று யாவரையும் அவர் இகழ்ந்தார். அவ்விகழ்ச்சிப் பெயரே பின்னர் உலகறிந்த ஓர் ஓவிய இயக்கத்தின் பெயராயிற்று.

கணக்கு முடித்தபோது பிசாரோவுக்குக் கிடைத்த வருவாய் 130 பிராங்கு மாத்திரமே. அவ்வாண்டு டிசெம்பரிற் கூடிய உறுப்பினர், ஒவ்வொருவரும் 184 பிராங்கு 50 சதம் கடன்பட்டிருப்பதை அறிந்து சங்கத்தைக் கலைத்தனர். சங்கம் கலைந்ததாயினும் அவர்தம் கூட்டு முயற்சி ஓயவில்லை. 1886 வரை மொத்தம் 8 கண்காட்சிகள் நடைபெற்றன. கருத்து வேறுபாட்டால் விலகியோர் பலர். மொனேயும் ரெனுவாரும் சில காட்சிகளிற் பங்குகொள்ளவில்லை. எட்டிலும் தவறாது படம் வைத்தவர் பிசாரோ ஒருவரே.

இன்று உறைபனி என்னும் அப்படம் பாரிசிலுள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அதனைக் காண்போர் பனியையும் நிழலையும் விறகு சுமக்கும் முதியவரையும் காண்பர். பாண் சுடுவோரின் விதிகளையோ, மறுக்கப்பட்ட அறிவுரையையோ, பொந்துவாசிலே மகளை இழந்த வீட்டையோ அதிற் காண இயலாது. எனினும் கூடிச் செய்யும் எக்காரியத்துக்கும், அது கிராமச் சங்கமாயினும் கலைக் கழகமாயினும், தத்தம் திறமையை மட்டும் கொண்டுவருவோர் பலர் கிடைப்பர். யாவர்க்கும் ஒத்த விதியைக் கொண்டுவந்து, அதன் இழப்பையும் தாமே ஏற்று, இறுதிவரை நிற்பவர் ஒருவரேனும் அங்கே வேண்டும்.