பூச்சி எண்ணுகிறவர்களிடம் போவோம்

(பானில் நடந்த எமது இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.)



முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கட போனை எடுத்துப் பாருங்கோ. அரசியல் கதைக்கிற வட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் குழுக்கள் எத்தனை இருக்கு? என்னிடம் பதினாலு. அதில் கடந்த ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கி முடித்த குழு எது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டுதான் நினைவுக்கு வந்தது. மற்றதெல்லாம் ஒரு வீடியோ, ஒரு கண்டனம், ஒரு போஸ்டர், பிறகு அமைதி. அடுத்த கொடுமை நடக்கும் வரை அந்த அமைதி தொடரும்.

இன்றைக்கு நான் கதைக்க வந்தது வேறு வகைக் குழுக்களைப் பற்றி. பொழுதுபோக்குக்காகக் கூடுகிறவர்கள். பறவை எண்ணுகிறவர்கள், வரைபடம் வரைகிறவர்கள், பழைய புத்தகத்தைத் தட்டச்சு செய்கிறவர்கள். இணையத்தில் இப்படி ஏராளம் இருக்கு. எங்கட ஆட்கள் அந்தப் பக்கம் போறது குறைவு. "போராட்டம் நடக்குது, இவங்கள் குருவி பாக்கிறாங்கள்" என்று ஒரு இளக்காரம் எங்களிடம் உண்டு. அந்த இளக்காரத்தால் நட்டம் எங்களுக்குத்தான்.

எங்கட மாநிலத்திலேயே இருக்கிற ஒரு ஊரில் தொடங்குகிறேன். கிரேஃபெல்ட். அங்கே 1905இல் தொடங்கிய ஒரு பூச்சியியல் சங்கம் இருக்கு. அதன் உறுப்பினர்களில் பலருக்குப் பூச்சி ஆராய்ச்சி தொழில் அல்ல. வேறு வேலை செய்துவிட்டு, ஓய்வு நேரத்தில் பூச்சியின் பின்னால் போனவர்கள். இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளில் கூடாரம் போன்ற பொறிகளைக் கட்டி, விழுந்த பூச்சிகளை மதுசாரத்தில் போட்டு, நிறுத்து, எழுதி வைத்தார்கள். 1989 முதல் 2016 வரை, 63 இடங்கள். எல்லா இடத்திலும் எல்லா ஆண்டும் பொறி வைக்கவில்லை. ஆனால் பொறியின் அமைப்பும் எடுக்கும் முறையும் மாறவில்லை. அதனால்தான் பழைய போத்தலையும் புதிய போத்தலையும் ஒப்பிட முடிந்தது.

2017 ஒக்டோபரில் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த நிறை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அதுவும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள்ளே! உலகம் முழுக்க அது தலைப்புச் செய்தியானது. "பொழுதுபோக்குக்காரரின் கணக்கு" என்று தட்டிக்கழிக்கப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கால அளவுக்கு அப்படியொரு தரவு வேறு எவரிடமும் எளிதில் கிடைக்கவில்லை.

அதன்பின் நடந்ததுதான் எங்களுக்கு முக்கியம். 2019 பெப்ரவரியில் பவேரியாவில் "தேனீக்களைக் காப்பாற்றுங்கள்" என்ற மக்கள் மனு வந்தது. தேவைப்பட்டது வாக்காளர்களில் 10 சதவீதம். பதினேழு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள், அதாவது 18 சதவீதத்துக்கு மேல், நகராட்சி அலுவலகங்களுக்கு நேரில் போய்க் கையெழுத்து வைத்தார்கள். முதலில் எதிர்த்த மாநில அரசு பின்வாங்கி, அதே ஆண்டு அதைச் சட்டமாக்கியது. பெரிய விவசாய நிறுவனங்களின் பலத்துக்கு முன்னால் அந்த இயக்கம் நின்றதற்கு ஒரு காரணம், கையில் எண் இருந்தது. அந்த எண்ணைச் செய்தவர்கள் பல வருடம் ஒரு கோஷமும் போடாமல் போத்தல் நிறுத்தவர்கள்.

எங்கட கதைக்கு வருவம். நீங்கள் சங்க இலக்கியத்தை இணையத்தில் இலவசமாகப் படித்திருந்தால், அது எப்படி அங்கே வந்தது? 1998 தைப்பொங்கலில் தொடங்கியது மதுரைத் திட்டம். அதை ஒருங்கிணைத்த கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளர். தமிழ் எழுத்துரு செய்தது, நூல்களை மின்னாக்க ஆள் சேர்த்தது எல்லாம் ஆய்வுகூட வேலைக்கு வெளியே. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துத் தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் பிழை திருத்தினார்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் அடித்தளத்தைப் போட்டவர்களில் ஒருவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தவர், அமீரகத்தில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது.

அடுத்தது நூலகம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஒவ்வொரு வருடமும் நாங்கள் அதை நினைவுகூர்ந்து கூட்டம் வைக்கிறம், வைக்கத்தான் வேணும். 2005இல் சில இளைஞர்கள் ஈழத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக மின்னாக்கி இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். புத்தகம் மட்டும் அல்ல, சிறு சஞ்சிகை, பத்திரிகை, பாடசாலை மலர், நினைவு மலர் எல்லாம். எரித்தவனுக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கூட்டத்தில் கவலைப்பட்ட நேரத்தில் அவர்கள் ஸ்கானருக்கு முன்னால் நின்றார்கள்.

இது இடதுசாரி மரபுக்கு அந்நியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1895இல் வியன்னாவில் ஒரு பள்ளி ஆசிரியர் தொழிலாளர் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் போட்டார்: இயற்கையை நேசிப்பவர்கள் சேர்ந்து நடக்கப் போகலாம் என்று. அதிலிருந்து பிறந்ததுதான் நத்தூர்ஃபிரொயின்டே, இயற்கை நண்பர்கள் அமைப்பு. ஜேர்மனியில் 1924இல் தொழிலாளர் வானொலிச் சங்கம், 1926இல் தொழிலாளர் புகைப்படக்காரர் சங்கம். வானொலிப் பெட்டியைத் தாங்களே செய்யவும், தங்கள் தெருவைத் தாங்களே படமெடுக்கவும் கற்றார்கள். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் இந்த அமைப்புகளையும் ஒழித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவைக்கூட விட்டுவைக்காதவனுக்கு அதன் பலம் விளங்கியிருந்தது. எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை.

விளங்கினவர்கள் இன்னொரு பக்கமும் இருக்கிறார்கள். 2019 ஒக்டோபரில் ஹாலே நகரின் யூத வழிபாட்டிடத்தைத் தாக்க வந்தவன், வெளியே இரண்டு பேரைக் கொன்றான். அதை அவன் நேரலையாகக் காட்டியது வீடியோ கேம் ஆடுகிறவர்கள் கூடும் ட்விச்சில். தனிமையில் இருக்கும் பெடியள் எங்கே கூடுகிறார்கள் என்று தீவிர வலதுக்குத் தெரியும். எங்கட பக்கமும் அப்படித்தான். ஊர் வரலாறு, குடும்ப மரம், கோயில் கல்வெட்டு என்று தொடங்கும் குழுவில் மூன்றாவது வாரம் "நாங்கள் ஆண்ட பரம்பரை" வந்து நிற்கும். நாங்கள் இல்லாத இடம் வெறுமையாக இருக்காது.

அப்ப எந்தக் குழு போகத் தகுந்தது? நான் பார்க்கிற நாலு விஷயத்தைச் சொல்லுறன்.

ஒன்று, வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். நேற்று யார் எதைத் திருத்தினார், எதைச் சேர்த்தார் என்று பார்க்க முடிகிறதா? விக்கிப்பீடியாவிலும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரலாறு இருக்கும். படமும் பெருமையும் மட்டும் ஓடுகிற குழுவில் உங்கட நேரம் போகும், வேறொன்றும் வராது.

இரண்டு, புதிதாக வந்தவரின் மொக்கைக் கேள்விக்கு எப்படிப் பதில் வருகிறது என்று பாருங்கோ. சேரும் முன் ஒரு வாரம் சும்மா இருந்து வாசித்தாலே தெரிந்துவிடும். முக்கியமாக, கேட்டவர் ஒரு பெண்ணாக இருந்தால் பதிலின் தொனி மாறுகிறதா என்று பாருங்கோ.

மூன்று, செய்த வேலை யாருக்குச் சொந்தம்? 2000களில் தமிழில் எத்தனையோ யாகூ குழுமங்கள் இருந்தன. இலக்கியம், சமையல், சித்த மருத்துவம் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். 2020 டிசம்பரில் யாகூ அந்தச் சேவையையே மூடிவிட்டது. முன்கூட்டிப் பிரதி எடுத்தவர்களிடம் மட்டும் எழுத்து மிஞ்சியது. மாறாக, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை யாரும் முழுவதாகத் தரவிறக்கலாம், வேறு இடத்தில் வைக்கலாம். நிறுவனம் கதவைச் சாத்தினாலும் உழைப்பு தப்பும்.

நாலு, விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும், மீறினால் கேட்க ஆள் இருக்க வேண்டும். சாதிப் பெயர் சொல்லித் திட்டினவரை "மூத்தவர், விடுங்கோ" என்று விடும் குழுவை நீங்களும் விடுங்கோ.

தேடும்போது அரசியல் சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள். பொருளின் பெயரைப் போடுங்கோ: பறவை, வரைபடம், ஒலிநாடா, முத்திரை, சதுரங்கம். ஜேர்மன் மொழியிலும் தேடுங்கோ. இந்த நாட்டில் அநேகமான பொழுதுபோக்குக்கு ஒரு ஃபெராயின் இருக்கும், மாதமொரு ஸ்டாம்டிஷ் இருக்கும். இணையத்தில் பழகினவர்களை ஒரு கோப்பியோடு நேரில் பார்க்கலாம். 2016இல் கட்டற்ற வரைபட மென்பொருள் ஆர்வலர்களின் உலக மாநாடு நடந்ததே இந்த பான் நகரில்தான். எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தொடங்க ஒரு சுலபமான வழி. ஜனவரியில் நாபு அமைப்பு ஜேர்மனி முழுக்கக் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தும். ஒரு மணித்தியாலம் ஜன்னலோரம் இருந்து எண்ணி அனுப்பினால் போதும். அதே மாதம் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கும். அம்மா அப்பாவையும் கூட இருத்துங்கோ. ஊரில் பார்த்த குருவியின் பெயர் அவர்கள் வாயிலிருந்து வரும், நீங்கள் எழுதி வைக்கலாம்.

"நாடு கடத்தல் நடக்கிற நேரத்தில் குருவியா?" என்று ஒரு தோழர் முன்பே கேட்டார். நியாயமான கேள்வி. நாடு கடத்தலுக்கு எதிரான வேலையை ஒருவரும் விட வேண்டாம். ஆனால் அந்த வேலையில் இரண்டு வருடத்தில் களைத்து விழுகிறவர்களை நாங்கள் எல்லாரும் பார்க்கிறம். கோபத்தால் மட்டும் கூடுகிறவர்களுக்குக் கோபம் தணிந்ததும் கூட ஒரு காரணம் இல்லாமல் போகிறது. பொழுதுபோக்குக்காரரிடம் கற்க வேண்டியது அந்த நீண்ட மூச்சு. வெற்றி தெரியாத வருடங்களிலும் போத்தலை நிறுத்து எழுதுவது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லுறன். அங்கே ஆள் பிடிக்கப் போகாதீர்கள். முதல் நாளே துண்டுப் பிரசுரம் நீட்டினால் அவர்களுக்கும் எரிச்சல், எங்களுக்கும் அவமானம். வேலை செய்யப் போங்கோ. உங்கட கை சுத்தம் என்று தெரிந்தபின் அவர்களே கேட்பார்கள், நீ யார், உன் ஊர் எது, ஏன் இங்கே வந்தாய் என்று. அப்ப சொல்லுங்கோ.

கடைசியாக ஒன்று. 2009இல் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் எங்கட அக்கா, அண்ணாமார் நின்றார்கள். அந்த நேரத்துத் துண்டுப் பிரசுரங்கள், கையால் எழுதின பதாகைகள், கூட்டக் குறிப்புகள் எங்கே? உங்கட வீட்டு நிலவறைப் பெட்டியில் இருக்கலாம். பழைய லப்டொப் ஒன்றில் இருக்கலாம். எரிக்க ஒருவரும் வரத் தேவையில்லை, வீடு மாறும்போது நாங்களே குப்பையில் போடுவம். அதை எப்படி ஸ்கான் செய்வது, எப்படிப் பெயரிட்டு அடுக்குவது, எங்கே ஏற்றுவது என்று தெரிந்தவர்கள் அந்தப் "பொழுதுபோக்கு" ஆட்கள்தான்.

அதனால் என் கோரிக்கை சின்னது. அடுத்த சந்திப்புக்குள் ஆளுக்கொரு குழுவைத் தேடிச் சேருங்கோ. அங்கே பத்துச் சின்ன வேலை செய்யுங்கோ. பத்துப் பக்கம் பிழை திருத்தினாலும் சரி, சக்கர நாற்காலி ஏறக்கூடிய பத்துக் கடைகளை வரைபடத்தில் குறித்தாலும் சரி. வரும்போது அந்தப் பத்தையும் கொண்டுவாங்கோ. அன்றைக்கு நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பம்.