வலியறியாப் பாதங்கள்



வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டித் தொடரும் ஊர்களைத் தோல் தொழிலின் பெயரால் உலகம் அறியும். இங்கே தைக்கப்படும் காலணிகள் கடல் கடந்து செல்கின்றன. ஆயினும், இவ்வட்டாரம் உலகுக்கு அளித்த காலணிகளுள் தலைசிறந்தது எது என்று என்னைக் கேட்டால், அழகு சிறிதும் இல்லாத ஒரு ரப்பர்ச் செருப்பையே நான் எடுத்துக் காட்டுவேன். ஓரூரில் கண்ட நன்மை பிற ஊர்களுக்கு எவ்வாறு பரவுகிறது, எதனால் பரவாமல் நின்றுவிடுகிறது என்னும் இரண்டு வினாக்களுக்கும் அச்செருப்பின் வரலாற்றில் விடை உண்டு.

1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனையே பிற்காலத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. கொல்லிமலையில் வளர்ந்தவரான பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946-இல் அங்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் ஏன் குறைந்து போகின்றன? நோயே சதையைத் தின்றுவிடுகிறது என்பது அக்காலத்தார் நம்பிக்கை. பிராண்ட் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை.

துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் அவர் ஒரு நாள் நின்றிருந்தார். நோயாளியான சிறுவன் ஒருவன் வந்து, சாவியைத் திருகி எளிதில் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து குருதி சொட்டியது. சாவி எலும்பு தெரியுமளவுக்குச் சதையைக் கிழித்திருந்தது. சிறுவனோ அதை உணரவே இல்லை! வேறு சில நோயாளரின் விரல்கள் இரவோடிரவாகக் குறைந்ததற்குக் காரணம் தேடியபோது, உறக்கத்தில் எலிகள் கடித்தது தெரிய வந்தது. அதன் பின் வீடு திரும்பும் நோயாளரிடம் பூனை ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்களாம். இவற்றைப் பிராண்ட் அவர்களே எழுதியிருக்கிறார்.

ஆக, கிருமி அழிப்பது நரம்புகளை. நரம்பு அழிந்தால் வலி போய்விடுகிறது. வலி என்னும் காவற்காரன் போனபின், காயங்களே உறுப்புகளைக் குறைக்கின்றன. இவ்வுண்மை புலப்பட்டதும், மருந்தைப் போலவே செருப்பும் இன்றியமையாதது ஆயிற்று.

வேலூரிலும், 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் அதற்கான சோதனைகள் நடைபெற்றன. இறுதியில் தேர்ந்தது நுண்துளை ரப்பர், எம்.சி.ஆர். என்று அதனைச் சுருக்கமாகக் கூறுவர். இயற்பியல் வகுப்பில் நீங்கள் படித்த பாடத்தை நினைவுகூருங்கள். விசை ஒன்றே ஆயினும் அது தாங்கும் பரப்பு பெருகினால் அழுத்தம் குறையும். மெல்லிய ரப்பர் பாதத்தின் வடிவுக்கு இசைந்து கொடுத்து, உடலின் எடையைப் பரப்பிவிடுகிறது. முள்ளும் கண்ணாடியும் ஊடுருவாதபடி அதன் அடியில் கெட்டியான ரப்பர், பெரும்பாலும் பழைய டயர், ஒட்டப்படும். ஆணி அடிப்பதில்லை, ஒட்டியும் தைத்துமே செய்வார்கள். செருப்பு நழுவாதிருக்கக் குதிகாலைச் சுற்றிப் பின்வார் ஒன்று உண்டு. அவ்வளவே!

இது எவ்வாறு பரவியது? குத்தூசி பிடிக்கத் தெரிந்த எந்தக் கைக்கும் இச்செருப்பைச் செய்வது இயலும் என்பது முதற்காரணம். செருப்பை மட்டும் அனுப்பாமல், அதன் காரணத்தையும் சேர்த்து அனுப்பியது இரண்டாம் காரணம். கரிகிரிக்குப் பல ஊர்களிலிருந்தும் பணியாளர்கள் வந்து பயின்றார்கள். செருப்புத் தைப்போரும் அவர்களுள் இருந்தனர். நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பது, தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவது, சிவந்த இடம் கண்டால் நடையைக் குறைப்பது ஆகியவற்றையும் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் என்னும் ஊருக்குச் சென்றார். நீரிழிவு நோயாளரின் பாதப் புண்களுக்கும் வலியுணர்வின் இழப்பே காரணம் என்று அங்கே கண்டார். வேலூரில் கற்ற பாடம் இவ்வாறு வேறொரு நோய்க்கும் துணையாயிற்று.

கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த பின் தொழுநோய் பெரிதும் குறைந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவுக்கும் கீழே 2005 இறுதியில் நம் நாடு அதனைக் கொண்டுவந்தது. ஆனால், முற்றும் அழிந்த நரம்பை மருந்து மீட்பதில்லை. ஆதலால் செருப்பின் தேவை தீரவில்லை.

இனி, பரவாமல் நிற்பது எதனால்? அதற்குச் சான்று நானே.

எனக்குப் பல்லாண்டுகளாக நீரிழிவு உண்டு. மருத்துவர் ஒருவர் நைலான் இழையால் என் பாதத்தைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டார். பல இடங்களில் எனக்குத் தெரியவில்லை. எம்.சி.ஆர். செருப்பு வாங்கி அணியுமாறு அவர் எழுதித் தந்தார். நான் வாங்கவில்லை. 'தலைமையாசிரியருக்கும் அந்த நோயா?' என்று தெருவில் பேசுவார்களோ என்னும் நாணமே காரணம். ஆண்டுதோறும் வகுப்பில் பிராண்ட் அவர்களின் கதையைச் சொன்னவன் நான்! ஒரு மாலை, நடந்துவிட்டு வீடு திரும்பினேன். தரையில் குருதிச் சுவடுகளைக் கண்டு என் பேத்தி அலறினாள். என் தோல் செருப்பின் ஆணி ஒன்று மேலெழும்பி உள்ளங்காலைத் துளைத்திருந்தது. நான் அதை உணரவே இல்லை. நான்கு திங்கள் படுக்கையில் கிடந்தேன். ஒரு விரலையும் இழந்தேன். பூட்டைத் திறந்த சிறுவன் ஒன்றும் அறியாதவன். எனக்கோ எல்லாம் தெரிந்திருந்தது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும், எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் முதியவரிடம் சென்று, என் நாணத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார். "மேலே நல்ல கறுப்புத் தோல் வைத்துத் தைத்தால், உள்ளே இருக்கும் ரப்பர் யாருக்குத் தெரியப் போகிறது, சார்?" என்றார். இரண்டே நாளில் தைத்தும் கொடுத்தார். இப்போது அதைத்தான் அணிந்திருக்கிறேன். பார்ப்பவர் எவரும் ஒன்றும் கேட்டதில்லை.

மாணவச் செல்வங்களே! ஒரு நல்ல முறை ஊர் விட்டு ஊர் செல்ல வேண்டுமானால், செய்யும் கை உள்ளூரிலேயே இருக்க வேண்டும். அதன் காரணம் விளங்க வேண்டும். பயன்படுத்துவோரை அது தலைகுனியச் செய்யலாகாது. முதல் இரண்டையும் மருத்துவரும் ஆசிரியரும் பார்த்துக்கொள்வர். மூன்றாவது ஊராரின் கையில் இருக்கிறது. ஒருவர் காலில் கிடப்பதைக் கண்டு அவரை எடைபோடாதிருக்க நீங்கள் பழகினால், அதுவே பெருந்தொண்டு.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் நீரிழிவு மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால், உள்ளங்காலை நாள்தோறும் பார்க்க வீட்டிலேயே ஒருவர் வேண்டும். முதுமையில் குனிந்து பார்ப்பது எளிதன்று, கண்ணும் மங்கிவிடுகிறது. உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ நீரிழிவு இருக்குமாயின், இன்றிரவு அவர்கள் உறங்கப் போகுமுன் விளக்கருகே அமர்த்தி, இரண்டு பாதங்களையும் திருப்பிப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, கீறல் ஏதேனும் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். என் பாதங்களை இப்போது என் பேத்திதான் பார்க்கிறாள்.