மெயினை அணைச்சிட்டு கை வைப்போம்



விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போன என் நாத்தனார், களிமண் பிசையுற மிஷின் ஓடும்போதே ஒட்டின மண்ணைச் சுரண்டினாங்க. இரண்டு விரல் போய்விட்டது. அடிபடும் ஆபத்து இருந்தால், ஓடும் மிஷினைப் பெண்களைச் சுத்தம் செய்ய விடக்கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. அது எங்க யாருக்கும் தெரியலை.

இப்போ நம்ம குழுக்களிலும் மாவு மிஷின், மசாலா மிஷின் ஓடுது. சுத்தம் செய்யும் முன் மெயினை அணைத்து, பீஸ் கட்டையைப் பிடுங்கி, கை வைக்கிறவங்களே மடியில் வச்சுக்கணும். முந்தானை, சடையை இறுக்கிச் செருகணும். பெல்ட்டுக்கு மூடி வேணும். ஈ.எல்.சி.பி. டெஸ்ட் பொத்தானை மாசம் ஒருமுறை அழுத்திப் பாருங்க. சுவிட்ச் விழலைன்னா, சரி பண்ணுற வரை மிஷின் ஓடக்கூடாது.

இதையும் தீர்மான நோட்டில் எழுதுவோம். கடனைத் தவணையில் அடைச்சிடலாம். போன விரல் திரும்ப வராது.